தட்டையாக வந்த கோடு: கஹாபா ஆற்று நத்தையின் மரபணுக் கணக்கு

ஆற்றில் வாழும் உயிரினத்தின் மரபணுவை ஆராய்கிறவர்கள் வழக்கமாகப் போட்டுப் பார்க்கும் படம் ஒன்று உண்டு. மாதிரி எடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே ஆற்றுவழியாக எத்தனை கிலோமீட்டர் என்பது கிடை அச்சில். அந்த இரண்டு இடத்து உயிர்களும் மரபணுவில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது நெடு அச்சில். எல்லா ஜோடிகளுக்கும் புள்ளி வைத்தால், பெரும்பாலான ஆற்று உயிர்களுக்கு இடமிருந்து வலமாக ஏறும் ஒரு கோடு தெரியும். தூரம் கூடக் கூட உறவு விலகும், அவ்வளவுதான் விஷயம். நகர்வதே பெரும்பாடு என்றிருக்கும் நத்தைக்கு இந்த ஏற்றம் நன்றாகவே தெரியும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கஹாபா ஆற்றில் மட்டுமே இருக்கிற லெப்டாக்ஸிஸ் காம்பாக்டா என்ற நத்தைக்குக் கணக்குப் பார்த்தபோது அந்த ஏற்றம் வரவில்லை. ஆலியா ரைட், நேத்தன் வீலன் உள்ளிட்ட ஐந்து பேர் 2020இல் பியர்ஜே இதழில் வெளியிட்ட ஆய்வு அது. பரிசோதனையில் பிழை ஏதும் இல்லை. மெதுவாக ஊர்கிற, நீந்தும் குஞ்சுப் பருவமே இல்லாத ஒரு நத்தைக்கு இந்தக் கோடு ஏன் வரவில்லை என்ற கேள்விக்காகத்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். விடையை ஆற்றின் நூறாண்டுக் கதையில்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஆறும் அதன் அக்கம்பக்கமும்

கஹாபா சுமார் 310 கிலோமீட்டர் ஓடுகிறது. பர்மிங்ஹாம் நகரத்தின் புறநகர்களைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கி, செல்மா ஊருக்குப் பக்கத்தில் அலபாமா ஆற்றில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் ஒரு பழைய ஊர் இருந்தது. 1820களில் சில ஆண்டுகள் மாநிலத் தலைநகராக இருந்துவிட்டு, இன்று இடிபாடாகக் கிடக்கிறது. நடுப்பகுதியில் ஆறு பாறைப் படுகையின் மேல் அகலமாக, ஆழமில்லாமல், சலசலவென்று ஓடும். மே மாதத்தில் அந்தப் பாறை இடுக்குகளில் வெள்ளையாக ஒருவகை லில்லி பூக்கும், அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். நத்தைகளுக்கும் அந்தப் பாறைதான் வேண்டும். சேறு படிந்த இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

பக்கத்து ஆறான கூசாவில் 1914 முதல் அடுத்தடுத்து மின்சாரத்துக்காக அணைகள் கட்டப்பட்டன. பாறைப் படுகைகள் ஆழ்ந்த நீர்த்தேக்கங்களுக்கு அடியில் போய்விட்டன. ஓடும் நீரில் பாறையைப் பற்றி வாழ்ந்த நத்தை இனங்கள் அங்கே கூட்டமாக அழிந்தன. கூசா, கஹாபா எல்லாம் சேர்ந்த மொபைல் ஆற்று வடிநிலத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நத்தை, மட்டி போன்ற மெல்லுடலிகளில் குறைந்தது 47 இனங்கள் அற்றுப்போயின. அதில் 37 நத்தைகள். எண்ணிக்கையைப் படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஒரே வடிநிலம், ஒரே நூற்றாண்டு என்று சேர்த்துப் பார்த்தால்தான் உறைக்கும்.

கஹாபாவின் முதன்மை ஓட்டத்தில் கூசாவைப் போலப் பெரிய மின் அணைகள் எழவில்லை. ஆனால் அதற்கு வேறு தொல்லைகள் இருந்தன. கரையோரம் நிலக்கரிச் சுரங்கங்கள் வந்தன, மேலே ஒரு தொழில் நகரம் வளர்ந்தது, கழிவுநீர் வந்தது, கட்டுமான மண் வந்தது. மண் வந்து பாறையை மூடினால் பாறைமேல் வளரும் பாசிப்படலம் போச்சு, முட்டை ஒட்ட இடம் போச்சு. அணை ஆற்றை ஒரே நாளில் மாற்றிவிடும். மண்ணும் கழிவும் நத்தையின் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கத்திலிருந்தும் கத்தரித்துக்கொண்டு வரும், எந்த வருடத்தில் என்ன போயிற்று என்று சொல்லவே முடியாது.

நத்தை எப்படிப்பட்டது

நம் வயல் நத்தையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் வரும். வயல் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மூடியைச் சாத்திக்கொண்டு அடுத்த மழை வரை உறங்கிக் கிடக்கும். கஹாபாவின் பாறை நத்தைக்கு அந்த வசதி இல்லை. செவுள் மட்டும்தான். ஆக்ஸிஜன் நிறைந்த ஓடும் நீர் இல்லாவிட்டால் மூச்சு இல்லை. கைக்கு அடக்கமான கல் ஒன்றைத் திருப்பினால் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன உருவம், கொஞ்சம் நீண்ட ஓடு. ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘நீளவாக்குப் பாறை நத்தை’ என்ற அர்த்தத்தில்தான். ஆணும் பெண்ணும் தனித்தனி. முட்டைகளைக் கல்லில் ஒட்டிவிடும். முட்டைக்குள்ளிருந்து வெளியே வருவது ஒரு குட்டி நத்தை, அதுவும் ஊர்ந்துதான் போகவேண்டும். கடல் நத்தைகள் பலவற்றுக்கு இருப்பதுபோல் நீரோட்டத்தில் மிதந்து ஊர் சுற்றும் இளம்பருவம் இதற்குக் கிடையாது.

இந்தக் குடும்பத்துக்குப் புளூரோசெரிடே என்று பெயர். வட அமெரிக்காவின் நன்னீரில் மட்டும் வாழும் குடும்பம். அதன் இனங்களில் 79 சதவீதம் அழிவின் விளிம்பில் இருப்பதாகக் கணக்கு. பாண்டாவுக்கோ புலிக்கோ இந்தச் சதவீதம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இல்லை என்று எழுதி முடித்த பிறகு

இந்த இனத்துக்கு 1854இல் பெயர் வைத்தவர் ஜான் கூல்ட் ஆண்டனி. பிற்பாடு ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் ஓடுகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அலபாமா ஆறுகளில் அணைக்கு முன் என்னென்ன இருந்தன என்று நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இன்னொருவர்: ஹெர்பர்ட் ஹன்டிங்டன் ஸ்மித். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆறுகளில் இறங்கி ஆயிரக்கணக்கில் நத்தைகளைச் சேகரித்தார். காது கேளாத அந்த மனிதர் 1919இல் ரயிலில் அடிபட்டு இறந்தார். அவர் சேர்த்து வைத்ததை எடுத்து 1922இல் ஒழுங்குபடுத்தி எழுதியவர் கால்வின் குட்ரிச். அவர் பத்திரிகை ஆசிரியராக இருந்து நத்தை ஆராய்ச்சிக்கு வந்தவர். இன்று மரபணு ஆய்வு செய்கிறவர், ‘முன்பு இது எங்கெல்லாம் இருந்தது’ என்ற கேள்விக்கு இந்த மாதிரி ஆட்களின் அட்டைப்பெட்டிகளைத்தான் நம்பியிருக்கிறார். ஓட்டோடு சேர்த்து வைத்த துண்டுச் சீட்டில் ஊர் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதற்குப் பிறகு 70 ஆண்டுகளுக்கு மேல் லெப்டாக்ஸிஸ் காம்பாக்டா யார் கண்ணிலும் படவில்லை. 2000இல் அற்றுப்போன இனம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது.

2011 மே மாதம் கஹாபாவில் நத்தைக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அப்போது அலபாமா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த நேத்தன் வீலன் அதில் இருந்தார். கிடைத்தவற்றுள் சில, அங்கே வழக்கமாகக் கிடைக்கும் நத்தைகளைப் போல இல்லை. கிடைத்தது எதுவென்று உறுதிசெய்ய அவர்கள் டி.என்.ஏ.வுக்குப் போகவில்லை. இனத்தின் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்டிருக்கும் ஓட்டோடு ஒப்பிட்டார்கள். அருங்காட்சியகப் பதிவுகளைப் பார்த்தார்கள். அப்புறம் ராடுலா. நத்தை பாறையிலிருந்து பாசியைச் சுரண்ட வைத்திருக்கும் அரம்போன்ற நாக்கு அது. அதன் பல்வரிசை இனத்துக்கு இனம் மாறும். பழைய மாதிரிகளின் ராடுலாவோடு புதியது பொருந்தியது. வீலன், பால் ஜான்சன், ஃபிலிப் ஹாரிஸ் மூவரும் 2012இல் பிளாஸ் ஒன் இதழில் மறுகண்டுபிடிப்பை அறிவித்தார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று உண்டு. பிடித்துக்கொண்டுவந்த நத்தைகளைத் தொட்டியில் வைத்துப் பார்த்ததில், அவை முட்டைகளைக் குட்டையான ஒற்றை வரியாக இடுகின்றன என்று தெரிந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் இருக்கிறது, அழிந்துவிட்டது என்ற சான்றிதழும் இருக்கிறது, அது எப்படி முட்டையிடும் என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அன்று கண்டது ஆற்றில் ஒரே இடத்தில். மேலே ஒரு லாரி கவிழ்ந்து ரசாயனம் கொட்டினால் கதை முடிந்தது. வளர்த்துத் திரும்ப விடுவது பற்றி அந்த முதல் கட்டுரையிலேயே பேச்சு வந்துவிட்டது. வளர்ப்பதென்றால் தாய் நத்தைகள் வேண்டும். எங்கிருந்து, எத்தனை எடுப்பது? மரபணு இங்கேதான் உள்ளே வருகிறது.

ஓட்டை உடைத்து, கோழையைக் கழுவி

நத்தையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது மீனிலிருந்து எடுப்பதுபோல் சுலபமில்லை. முதல் சிக்கல் களத்திலேயே தொடங்கும். நத்தையை ஆல்கஹாலில் போட்டவுடன் உள்ளே சுருங்கி மூடியை இறுக்கிச் சாத்திக்கொள்ளும். வெளியே ஆல்கஹால் நிறைந்திருக்கும், உள்ளே உடம்பு அழுகிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்துத் திறந்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகப் போயிருக்கும். அதனால் ஓட்டைக் கொஞ்சம் உடைத்துவிட்டுப் போடுவார்கள், அல்லது உயிரோடு இருக்கும்போதே பாதத்தில் ஒரு துணுக்கு நறுக்கி எடுப்பார்கள்.

இரண்டாவது கோழை. நத்தையின் சளி முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள். டி.என்.ஏ.வைப் பிரிக்கும்போது அதுவும் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். குழாயின் அடியில் வெண்மையாக இழை தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டாம், பாதி கோழையாக இருக்கும். அதை அப்படியே விட்டால் அடுத்த கட்டத்தில் நொதி வேலைசெய்யாது. உப்பு கூட்டிய சோப்புக் கரைசல், குளோரோஃபார்ம் என்று போட்டு அலசி, மறுபடியும் அலசி எடுக்கவேண்டும். பிப்பெட் முனையில் நூல்போல நீண்டு ஒட்டிக்கொண்டு விட மறுக்கும் அந்தக் கோழையைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தத் துறையில் மாதிரி எண்ணிக்கைகள் ஏன் சின்னதாக இருக்கின்றன என்று புரியும்.

சரி, டி.என்.ஏ. வந்துவிட்டது. மரபணுத்தொகை முழுவதையும் ஒவ்வொரு நத்தைக்கும் படித்தால் செலவு தாங்காது. அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, ராட்-சீக் என்று பொதுவாகச் சொல்வார்கள். டி.என்.ஏ. என்பது நாலே எழுத்தில் எழுதிய நீண்ட வரி என்று வைத்துக்கொண்டால், அதில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டுகிற நொதியைப் போடுவார்கள். எல்லா நத்தையிலும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வெட்டு விழும். வெட்டு விழுந்த இடத்தை ஒட்டிய சிறு துண்டுகளை மட்டும் படித்தால் போதும். ஆயிரம் பக்கப் புத்தகத்தில் ‘ஆற்றங்கரை’ என்ற சொல் வரும் இடங்களில் மட்டும் முன்பின் ஒரு வரி படிப்பதுபோல. புத்தகத்தின் கதை தெரியாது. ஆனால் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்ல அது தாராளம். அப்படி ஒற்றை எழுத்து மாறும் இடங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஒவ்வொரு இடமும் ஒரு தனிச் சாட்சி, அதனால் ஓர் இடத்திலிருந்து சில பத்து நத்தைகள் இருந்தாலே கணக்கு நிற்கும்.

மைட்டோகாண்ட்ரியாவை நம்பிக் கெட்ட கதை

பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு இத்தனை மெனக்கெட மாட்டார்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்புக்குத் தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு; அதிலிருந்து ஒரே ஒரு மரபணுவைப் படித்து, அதில் எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணி, இனம் எது, கூட்டம் எது என்று சொல்லிவிடுவார்கள். பல விலங்குகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

புளூரோசெரிடே குடும்பத்தில் அது படுத்துவிட்டது. ஒரே ஆற்றில், ஒரே கல்லில், ஒரே இனம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இரண்டு நத்தைகளை எடுத்தால் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் வேறு வேறு இனம் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். வீலனும் எலன் ஸ்ட்ராங்கும் 2016இல் இதைத் தெளிவாகவே காட்டினார்கள். உடலமைப்பு ஒன்று சொல்ல, மைட்டோகாண்ட்ரியா வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் ஒட்டே இல்லை. ஓட்டின் வடிவமோ அதைவிட மோசம். நீரின் வேகத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரே மரபணுவை வைத்து ‘இந்தக் கூட்டம் தனித்துவமானது, காப்பாற்றுங்கள்’ என்றோ ‘இது ஒன்றும் விசேஷமில்லை’ என்றோ எழுதினால், பாதி நேரம் தவறாக இருக்கும். ஒரு சாட்சி பொய் சொல்லலாம். ஆயிரம் சாட்சிகள் ஒரே பொய்யைச் சொல்வது கஷ்டம். மரபணுத்தொகை முழுவதிலிருந்தும் ஆங்காங்கே எழுத்தெடுக்க வேண்டிய தேவை இந்த நத்தைகளில் வந்தது அதனால்தான்.

அதே ஆற்றின் இன்னொரு நத்தை

லெப்டாக்ஸிஸ் காம்பாக்டாவின் முடிவுகளைத் தனியாகப் படித்தால் ஒன்றும் விளங்காது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதிர்ஷ்டவசமாக அதே ஆற்றில், அதே பேரினத்தில் ஓர் ஆள் இருக்கிறது: லெப்டாக்ஸிஸ் ஆம்ப்ளா. உருண்டையான ஓடு. 1998 முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதுவும் அடிவாங்கிய இனம்தான். ஆனால் அதற்குக் கிளையாறுகளிலும் இன்னும் கூட்டங்கள் மிச்சமிருக்கின்றன. வீலனும் கூட்டாளிகளும் 2019இல் மாலிக்யுலர் எக்காலஜி இதழில் அதை ஆராய்ந்து எழுதினார்கள். கிளையாற்றுக்குக் கிளையாறு நத்தைகள் மரபணுவில் பிரிந்து நின்றன. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போக்குவரத்து மிகக் குறைவு. நகராத உயிருக்கு நாம் எதிர்பார்க்கும் படம் அது.

எங்கள் பக்கத்து மொழியில் சொன்னால், ஆற்றங்கரை ஊர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற கதை. பக்கத்து ஊருக்குப் பெண் கொடுப்பார்கள், அதற்கடுத்த ஊருக்கும் கொஞ்சம் கொடுப்பார்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் சொந்தம் தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கலாம். வேறு கிளையாற்றங்கரை ஊர் என்றால் ‘அவங்க யாரோ’ என்பார்கள். நாலைந்து தலைமுறைக்கு அப்புறம் ஊர்களின் சொந்தபந்தத்தை வரைபடமாகப் போட்டால் தூரத்தோடு விலகும் அந்த ஏறுகோடு கிடைக்கும். ஆற்றில் இன்னொன்றும் நடக்கும். எதுவானாலும் கீழ்நோக்கி அடித்துக்கொண்டு போவது சுலபம், மேலே ஏறுவது கடினம். அதனால் கீழ்ப்பகுதி ஊர்களில் பல இடத்து ரத்தமும் வந்து சேர்ந்திருக்கும், மேட்டு ஊர்கள் தங்களுக்குள்ளேயே சுருங்கியிருக்கும். பாடப்புத்தகத்தில் ஆற்று மரபியல் என்று போட்டிருப்பதன் சாரம் இந்த இரண்டும்தான்.

அப்படியானால் காம்பாக்டாவுக்கு ஏன் தட்டை?

நூறாண்டில் ஆற்றின் மேல்பக்கத்து ஊர்கள் காலியாயின, கீழ்ப்பக்கத்து ஊர்களும் காலியாயின, நடுவில் அடுத்தடுத்து இருந்த சில ஊர்கள் மட்டும் தப்பின என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போய்ச் சொந்தபந்த வரைபடம் போட்டால் என்ன தெரியும்? எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். தூரம் என்ற ஒன்றே அங்கு மிச்சமில்லை. நத்தை எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும், மிச்சமிருக்கும் இடம் அவ்வளவு குறுகலாக இருந்தால் அதற்குள் தடையில்லாமல் மரபணு கலக்கும். ஆய்வாளர்கள் சொல்வதும் இதைத்தான்: பரப்பு சுருங்கிவிட்டதால், பல ஆற்று உயிர்களில் பொதுவாகத் தெரியும் வடிவங்கள் இதில் காணாமல் போய்விட்டன.

இதைப் படித்துவிட்டு ‘நல்ல செய்திதானே, கூட்டங்கள் எல்லாம் இணைந்திருக்கின்றன’ என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. பாதுகாப்புத் திட்டங்களில் இணைப்பு என்பது நல்ல வார்த்தை. கூட்டங்கள் துண்டு துண்டாகப் பிரிந்திருந்தால் கவலைப்படுவார்கள், இணைந்திருந்தால் டிக் அடிப்பார்கள். இங்கே அந்த டிக் ஏமாற்றும். விலகி நின்றவை செத்துப்போனதால் மிச்சம் இருப்பவை ஒட்டியிருக்கின்றன.

இரண்டாவது முடிவு இன்னும் நுணுக்கமானது. மிச்சமிருக்கும் இடங்களில் ஒவ்வொன்றுக்குள்ளும் பார்த்தால் மரபணு வகைமை அப்படியொன்றும் மோசமில்லை, ஒப்பீட்டளவில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இனம் முழுவதற்கும் வகைமை குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்கமுடியும்?

ஓர் இனத்தின் மொத்த வகைமையில் இரண்டு பங்கு உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் இருக்கும் வேறுபாடு ஒரு பங்கு. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு இன்னொரு பங்கு. ஒரு வீட்டுச் சமையலறையில் பத்து வகை அரிசி இருக்கலாம். ஆனால் மாவட்டத்திலேயே அந்த ஒரு வீட்டில் மட்டும்தான் அரிசி இருக்கிறது என்றால், மற்ற வீடுகளில் மட்டும் இருந்த வகைகள் எல்லாம் போய்விட்டன. அந்த வீட்டுக்குள் நின்று எண்ணுகிறவருக்குப் பத்து பத்துதான், குறை ஒன்றும் தெரியாது. காம்பாக்டாவில் முதல் பங்கு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. இரண்டாவது பங்கு ஆற்றோடு போய்விட்டது.

முதல் பங்கு ஏன் பிழைத்தது என்பதற்கு என் ஊகம் எளியது. தப்பிய இடங்களில் நத்தைகள் எண்ணிக்கையில் அதிகம் இருந்திருக்க வேண்டும். தற்செயலாக மரபணு வகைகள் தொலைவது சின்னக் கூட்டங்களில்தான் வேகமாக நடக்கும். இடம் சுருங்கினாலும் அந்த இடத்துக்குள் தலைகள் எண்ணற்று இருந்தால் தொலைவது மெதுவாகும். நத்தைகளைக் காப்பதில் இது ஒரு வரம். காண்டாமிருகத்துக்கு நூறு தலை மிச்சமிருந்தால் திண்டாட்டம். நல்ல பாறைப் படுகை கிடைத்தால் நத்தை தன் எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்ளும். கஹாபாவிலேயே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வண்டிகள் கடக்கப் போட்டிருந்த மார்வெல் ஸ்லாப் என்ற தாழ்வான கான்கிரீட் தளத்தை 2004இல் உடைத்து எடுத்தார்கள். நீர் மறுபடி பாறைமேல் ஓடத் தொடங்கியதும் நத்தைகள் பெருகின.

‘வாய்ப்பு அதிகம்’ என்ற சொல்லை ஆய்வாளர்கள் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முன்பு இருந்த வகைமையை நேராக அளக்க, காலியாகிப்போன இடங்களின் நத்தை டி.என்.ஏ. வேண்டும். ஸ்மித் காலத்துப் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் உலர்ந்த ஓடுகள். ஓட்டில் டி.என்.ஏ. சிக்குவது அபூர்வம், சிக்கினாலும் நைந்துபோன துணுக்குகள்தான். தொலைந்தது இவ்வளவு என்று எண்ணிக்கையாகச் சொல்ல இப்போதைக்கு வழியில்லை. தொலைந்தது என்று சொல்லமுடிகிறது, அவ்வளவே. அருங்காட்சியக ஓடுகளிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் வேலை வேறு மெல்லுடலிகளில் நடந்துகொண்டிருக்கிறது, என்றாவது ஒருநாள் இந்தப் பெட்டிகளுக்கும் முறை வரும்.

போகிற போக்கில் ஒரு நல்ல சேதியும் உண்டு. மாதிரி எடுக்கப் போனபோது, முந்தைய கணக்கெடுப்பில் பதிவான எல்லைக்கு வெளியேயும் இந்த நத்தை கிடைத்தது. இருக்கும் இடம் நினைத்ததைவிடக் கொஞ்சம் நீளம். அது புதிதாகப் பரவிய இடமா, முன்பு சரியாகப் பார்க்காமல் விட்ட இடமா என்பதில் நான் இரண்டாவது பக்கம். ஊர்ந்து போகும் வேகத்தை வைத்துச் சொல்கிறேன்.

தாய் நத்தை எங்கிருந்து

இந்த ஆய்வின் நடைமுறைப் பயன் ஒரே வரியில் இருக்கிறது: மாதிரி எடுத்த இடங்களில் இரண்டு, மற்றவற்றைவிட வகைமை கூடியவை. வளர்ப்புக்குத் தாய் நத்தைகள் எடுத்தால் அங்கிருந்து எடுங்கள்.

அலபாமாவில் மேரியன் என்ற சின்ன ஊரில் மாநில அரசின் நீர்வாழ் உயிரின மையம் இருக்கிறது. அழியும் தறுவாயில் இருக்கும் மட்டிகளையும் நத்தைகளையும் தொட்டியில் வளர்த்து ஆற்றில் விடுவதுதான் அங்கே வேலை. பால் ஜான்சன் அதை நடத்தி வந்தவர், காம்பாக்டாவின் இரண்டு கட்டுரைகளிலும் அவர் பெயர் இருக்கிறது. வளர்க்கிற கையும் கணக்குப் போடுகிற கையும் ஒரே கட்டுரையில் இருப்பது இந்தத் துறையில் எப்போதும் நடப்பதில்லை. மரபணு ஆய்வு பல இடங்களில் இதழில் வெளியாவதோடு நின்றுவிடும். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த ஏறுகோடும் இறங்குகோடும் எதற்கு? அவருக்கு வேண்டியது எந்தக் கல்லைத் திருப்புவது என்பது. இந்தக் கட்டுரை அதைச் சொல்லிவிடுகிறது.

காம்பாக்டா விஷயத்தில் இன்னொரு முடிச்சும் அவிழ்கிறது. லெப்டாக்ஸிஸ் ஆம்ப்ளா போன்ற இனத்தில் ஒரு கிளையாற்று நத்தையை இன்னொரு கிளையாற்றில் விடுவதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம் வரும். தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து, அந்தந்த இடத்துக்குப் பழகிய கூட்டங்களைக் கலந்தால் கெட்டுப்போகலாம். காம்பாக்டாவில் கலப்பதற்குத் தயங்க ஒன்றுமில்லை, அவை ஏற்கனவே ஒரே குடும்பம். முன்பு இருந்து இப்போது காலியாகிவிட்ட படுகைகளுக்கு இங்கிருந்துதான் கொண்டுபோக வேண்டும், வேறு எங்கும் எடுக்க இல்லை. அந்த மேல்பக்கத்து நீருக்கோ கீழ்ப்பக்கத்து நீருக்கோ பழகிய பழைய மரபணு இவற்றிடம் இருக்குமா என்பது விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தொட்டிக்குள் வந்துவிட்டால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். ஐம்பது தாய் நத்தைகளைக் கொண்டுவந்து வைத்தால் ஐம்பதும் சமமாக முட்டையிடாது. தொட்டி வாழ்க்கை ஒத்துக்கொண்ட நாலைந்து நத்தைகள் முட்டையாக இட்டுத் தள்ளும், மற்றவை ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆயிரம் குஞ்சு வந்தது என்று ஆற்றில் விட்டால், அந்த ஆயிரமும் நாலு தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். அந்த இரண்டு நல்ல இடங்களைத் தேடிப்பிடித்துக் காப்பாற்றி வைத்த வகைமை ஒரே பருவத்தில் தொட்டியில் கரைந்துவிடும். ஆற்றில் எண்ணிக்கை ஏறும், அடுத்த முறை டி.என்.ஏ. படிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

காம்பாக்டா முட்டைகளைக் குட்டையான ஒற்றை வரியாக இடுகிறது என்று முன்பு சொன்னேன் அல்லவா. கொத்தாக, குவியலாக இடும் நத்தையில் யார் முட்டை எது என்று பிரிக்கமுடியாது. வரியாக இருந்தால் கண்ணாடியில் எண்ணலாம், மெழுகுப் பென்சிலால் வெளியே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதலாம். நான் அங்கே இருந்தால் ஒரு வரியிலிருந்து நாலு குஞ்சுக்கு மேல் எடுக்க விடமாட்டேன், எத்தனை வரி இருந்தாலும். குஞ்சு எண்ணிக்கை குறையும், ஆண்டறிக்கையில் பார்க்க நன்றாக இருக்காது. ஒவ்வொரு பருவமும் சில குஞ்சுகளின் பாதத்தில் துணுக்கு நறுக்கி, எத்தனை தாய்கள் உண்மையில் பங்கெடுத்தன என்று பார்த்துவிடலாம். கோழையைக் கழுவி எடுக்கிற வேலை மட்டும்தான் கொஞ்சம் தொந்தரவு.